குழந்தை துன்புறுத்தப்பட்டதாகச் சந்தேகம்: கேஷுவாலிட்டி நர்ஸ்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேஷுவாலிட்டியில், அதாவது அவசர சிகிச்சைப் பிரிவில், பதினேழு வருடம் நின்றவள் நான். இப்போது புதிதாகச் சேரும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் யாரும் வாயைத் திறப்பதில்லை. முடிந்து வராந்தாவுக்கு வந்ததும் "அக்கா, ஒரு சந்தேகம்" என்று ஒவ்வொருத்தியாக வருவார்கள். கீழே இருப்பவை அந்த வராந்தாக் கேள்விகள். சட்டம் இந்தியாவுக்கு உரியது, நடைமுறை தமிழ்நாட்டு மருத்துவமனைகளுக்கு உரியது.

டூட்டி டாக்டர் இருக்கிறாரே, சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு எதற்கு?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 19-ஆவது பிரிவு டாக்டரை மட்டும் கூப்பிடவில்லை. எந்த நபராக இருந்தாலும் என்றுதான் சொல்கிறது. பதினெட்டு வயது நிரம்பாத ஒருவருக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடந்துவிடும் என்ற அச்சம் இருந்தாலோ, உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தகவல் தர வேண்டும். டாக்டர், நர்ஸ், வார்டு ஆயா, ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் எல்லோரும் அந்த 'நபரில்' அடக்கம். தராமல் விட்டால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழே இருப்பவர் செய்த குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் ஒரு வருடம் வரை போகும்.

இது ஏட்டில் மட்டும் இருக்கிற பிரிவு என்று நினைக்க வேண்டாம். மகாராஷ்டிராவில் சந்திரப்பூர் மாவட்டத்துப் பழங்குடி மாணவிகள் விடுதி ஒன்றில் சிறுமிகளுக்கு நடந்த கொடுமை தெரிந்தும் சொல்லவில்லை என்று, அவர்களுக்குச் சிகிச்சை பார்த்த டாக்டர் மீது வழக்கு வந்தது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்து, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்றது.

போக்சோ பாலியல் குற்றத்துக்குத்தானே? அடி, சூடு, பட்டினி என்றால்?

நல்ல கேள்வி. நம் சட்டத்தில் ஓட்டை இருப்பது இந்த இடத்தில்தான். 'சொல்லாவிட்டால் தண்டனை' என்று போக்சோ கட்டுகிற மாதிரி, வீட்டில் நடக்கும் அடி உதைக்கு நர்ஸைக் கட்டுகிற தெளிவான பிரிவு இல்லை. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதும் இல்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 75-ஆவது பிரிவு, குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. அதே சட்டத்தின் 31-ஆவது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை, அதை எங்கே யாரிடம் வைப்பது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு முன் யார் யார் கொண்டுவரலாம் என்று பட்டியல் போடுகிறது. அதில் போலீஸ், அரசு ஊழியர், சமூக சேவகர் என்று போய் ஒரு வரியில் 'நர்ஸ்' என்று பெயர் சொல்லியே இருக்கிறது. அதுவும் டாக்டருக்கு முன்னால். வகுப்பில் இந்த வரியை வாசிக்கும்போது மட்டும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அப்புறம், அடிபட்டு வருகிற எந்தக் குழந்தைக்கும் ஏஆர், அதாவது விபத்துப் பதிவேடு, போடுகிறோம். அடித்ததாகச் சந்தேகம் என்றால் அது எம்எல்சி, அதாவது போலீஸுக்குச் சொல்ல வேண்டிய மருத்துவ-சட்ட வழக்கு; ஆஸ்பத்திரி போலீஸ் அவுட்போஸ்டுக்கு இன்டிமேஷன் போக வேண்டும். புதிதாக ஒரு வழியைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

உறுதியாகத் தெரியாமல் ஒரு அப்பா அம்மாவைப் பற்றி எப்படிச் சொல்வது?

உறுதிப்படுத்துவது போலீஸ், நலக் குழு, கோர்ட் வேலை. நாம் சொல்வது 'இவர் செய்தார்' என்பதை இல்லை. 'இந்தக் காயமும் இவர்கள் சொல்கிற கதையும் ஒட்டவில்லை' என்பதைத்தான். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது என்று போக்சோ 19-ஆவது பிரிவின் ஏழாவது உட்பிரிவு பாதுகாப்புத் தருகிறது. 22-ஆவது பிரிவு தண்டிப்பது வேண்டுமென்றே, ஒருவரை அவமானப்படுத்தவோ மிரட்டவோ பொய் சொல்பவரை. சந்தேகம் தவறாகப் போவது வேறு, பொய் சொல்வது வேறு.

நெஞ்சுவலி என்று வருகிறவர் எல்லோருக்கும் ஈசிஜி எடுக்கிறோம். பாதிப்பேருக்கு மேல் வாயுப் பிடிப்பாகத்தான் இருக்கும். யாராவது 'எனக்கு ஹார்ட் அட்டாக் என்று பழி போட்டுவிட்டீர்கள்' என்று சண்டைக்கு வருகிறார்களா?

எதைப் பார்த்தால் மணி அடிக்க வேண்டும்?

முதலில் வயதைப் பாருங்கள், பிறகு காயத்தைப் பாருங்கள், கடைசியில் கதையைக் கேளுங்கள். இரண்டு மாதக் குழந்தை தானாகப் புரண்டு கட்டிலிலிருந்து விழாது. தவழாத, பிடித்து நடக்காத குழந்தைக்கு உடம்பில் கன்றிப்போன தடம் வருவது அபூர்வம். நடக்கவே ஆரம்பிக்காத குழந்தைக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தால் அதற்கு ஒரு நல்ல விளக்கம் வேண்டும்.

அமெரிக்காவில் மேரி கிளைட் பியர்ஸ் என்ற குழந்தைகள் அவசர மருத்துவரும் அவர் குழுவும் கன்றல் தடங்களை வைத்து ஒரு விதி வகுத்தார்கள். 2010-ல் வந்தது, 2021-ல் விரிவாக்கினார்கள். பெயர் 'டென்-4-ஃபேசஸ்பி'. பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம், இடங்களை நினைவில் வையுங்கள். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நெஞ்சு, வயிறு, முதுகு, பிட்டம் அடங்கிய உடற்பகுதி, காது, கழுத்து; மேலுதட்டை ஈறோடு சேர்க்கும் சவ்வு, தாடையின் மூலை, கன்னத்துச் சதை, கண் இமை, கண்ணின் வெள்ளை. இந்த இடங்களில் கன்றலோ ரத்தக்கட்டோ இருந்தால் நிற்க வேண்டும். விரல், பெல்ட், கரண்டி போல உருவம் தெரியும் தடம் எங்கே இருந்தாலும் அப்படியே. ஐந்து மாதம் ஆகாத குழந்தைக்கு உடம்பில் எந்த இடத்தில் கன்றல் இருந்தாலும் அது எச்சரிக்கை. 2021 ஆய்வில் இந்த விதி துன்புறுத்தப்பட்ட குழந்தைகளில் 95 சதவீதத்தைப் பிடித்தது. விபத்தில் அடிபட்டவர்களில் 87 சதவீதத்தைச் சரியாக விலக்கியது. விளையாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் அடிபடும். காதுக்குப் பின்னால் எப்படிப் படும்?

கொதிநீர்க் காயத்தில் விளிம்பைப் பாருங்கள். தட்டிவிட்ட குழம்பு தெறித்து, வழிந்து, ஒழுங்கில்லாமல் சுடும். குழந்தையைப் பிடித்து நீரில் அமிழ்த்தினால் சாக்ஸ் போட்ட மாதிரி இரண்டு காலிலும் ஒரே உயரத்தில் கோடு விழும்.

கதையில் கவனிக்க வேண்டியது மூன்று. வர ஏன் இவ்வளவு நேரம் ஆயிற்று, யாரை முதலில் பார்ப்பது என்று தரம் பிரிக்கும் ட்ரையாஜில் சொன்ன கதையும் டாக்டரிடம் சொன்ன கதையும் ஒன்றா, அம்மா சொல்வதும் பாட்டி சொல்வதும் ஒன்றா. இதில் நர்ஸுக்கு இருக்கிற சாதகம் டாக்டருக்குக் கிடையாது. அவர் ஐந்து நிமிடம் நிற்பார். நாம் ஊசி போட, ட்ரிப் மாற்ற, துணி மாற்ற என்று நாலு தடவை போவோம். நாலு கதையும் நம் காதில்தான் விழும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். தடத்தின் நிறத்தைப் பார்த்து 'இது மூன்று நாள் பழசு' என்று எழுதாதீர்கள். நிறத்தை வைத்து நாள் கணக்குச் சொல்ல முடியாது. கோர்ட்டில் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மொத்தக் குறிப்பையும் உடைப்பார்கள்.

சந்தேகப்பட்டு, கடைசியில் ஒன்றுமில்லை என்று ஆவது எப்போது?

நிறைய. நம் ஊர்க் குழந்தைகளுக்கு இடுப்புக்குக் கீழே, முதுகில் நீலச் சாம்பல் மச்சம் பிறவியிலேயே இருக்கும். தொட்டால் வலிக்காது, நாலு நாளில் நிறம் மாறாது. டெங்குவில் ரத்தத் தட்டணு குறைந்தாலும், ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோய் இருந்தாலும் உடம்பெல்லாம் தடம் வரும். சில தோல் புண்கள் சிகரெட்டால் சுட்டது போலவே இருக்கும். சேங்கொட்டைப் பால் பட்டால் கொப்புளம் கிளம்பி அமிலம் ஊற்றிய மாதிரி தெரியும். எலும்பு எளிதில் முறியும் பிறவி நோயும் உண்டு. இவற்றையெல்லாம் பார்த்துச் சொல்ல டாக்டரும் லேபும் இருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியதும் தகவல் சொன்னதும் ஒன்றையொன்று தடுக்காது.

சூடு வேறு கதை. மஞ்சள் காமாலைக்கு, வலிப்புக்கு, வயிறு உப்பியதற்கு என்று வைத்தியமாகச் சூடு போடுகிற வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. 'அடம் பிடித்தான், சூடு வைத்தேன்' என்பதும் இருக்கிறது. தழும்பு இரண்டுக்கும் ஒன்றுதான். நோக்கம் எதுவாக இருந்தாலும் காயம் பதிவாக வேண்டும். வைத்தியம் என்று நம்பிச் செய்த பாட்டியையும் கோபத்தில் வைத்தவரையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். அந்த வித்தியாசத்தைப் பார்ப்பது நலக் குழுவின் வேலை, அதைப் பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

சட்டம் தெரிந்த நர்ஸ்கூட ஏன் சொல்வதில்லை?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, நானே போட்டுக்கொண்டேன்.

நான் வேலைக்கு வந்த மூன்றாவது வருடம், ராத்திரி இரண்டு மணிக்கு மூன்று மாதக் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். தொடை வீங்கியிருந்தது. தொட்டிலில் இருந்து விழுந்ததாக அப்பா சொன்னார். நான் துணி மாற்றும்போது அம்மா என் கையைப் பிடித்து "கட்டிலில் இருந்துதான் விழுந்தது சிஸ்டர்" என்றாள். தொட்டிலா கட்டிலா? எனக்குப் பட்டது. டூட்டி டாக்டர் எக்ஸ்ரே எழுதினார். அதே நேரம் ஒரு பஸ் விபத்தில் பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். நான் 'தவறி விழுந்தது' என்று எழுதி எலும்புப் பிரிவுக்கு அனுப்பிவிட்டேன். அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று எனக்குச் சட்டம் தெரியாததால் நடந்ததா? சொல்ல முடியாது. வலுவான சட்டம் இருந்திருந்தாலும் அன்று நான் வாயைத் திறந்திருப்பேனா என்பது சந்தேகம். அவுட்போஸ்ட் போலீஸ்காரர் "என்ன சிஸ்டர், இதெல்லாம் ஒரு கேஸா" என்பார் என்ற எண்ணம் இருந்தது. டாக்டர் கவனிக்காததை நான் சொன்னால் அதிகப்பிரசங்கி ஆவேன் என்ற பயம் இருந்தது. அந்த அம்மாவின் கை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே நேரம் இல்லை.

மனிதர் ஒரு காரியத்தைச் செய்ய முனைவதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் ஒரு கோட்பாடு உண்டு. ஐசக் அஜ்சன் என்ற உளவியலாளருடையது. அந்தக் காரியத்தைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன், என்னைச் சுற்றியிருப்பவர்கள் என்ன நினைப்பார்கள், என்னால் அதைச் செய்து முடிக்க முடியுமா. தைவானில் 2005-ல் நர்ஸ்களை வைத்து, துன்புறுத்தல் சந்தேகத்தைச் சொல்லும் எண்ணத்தை இந்த மூன்றையும் கொண்டு அளந்து பார்த்தார்கள். நம் வகுப்புகள் எல்லாம் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன. 'குழந்தையைக் காப்பாற்ற வேண்டுமா?' வேண்டும், அதில் யாருக்குச் சந்தேகம்? இரண்டாவதும் மூன்றாவதும்தான் ராத்திரி இரண்டு மணிக்குக் கழுத்தைப் பிடிக்கிறவை. யாரிடம் சொல்ல, எந்த ஃபாரம், எந்த நம்பர், சொன்னபின் என் பக்கம் யார் நிற்பார்கள். இதற்குப் பதில் சுவரில் ஒட்டியிருக்கிற வார்டில் நர்ஸ்கள் சொல்கிறார்கள். இல்லாத வார்டில் மனசுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். 'தைரியசாலி நர்ஸ்' என்று ஒருத்தியைப் பிடித்துப் பொன்னாடை போர்த்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

டாக்டர் "விடுங்க சிஸ்டர், குடும்ப விஷயம்" என்று சொல்லிவிட்டால்?

முதலில் ஒருமுறை, சண்டை போடாமல், காயத்தை மட்டும் வைத்துப் பேசுங்கள். "சார், காதுக்குப் பின்னால் தடம் இருக்கு, ஒரு தடவை பாருங்க" என்றால் பெரும்பாலான டாக்டர்கள் வந்து பார்ப்பார்கள். 'இவர்கள் அடித்திருக்கிறார்கள்' என்று ஆரம்பித்தால் அவருக்கும் எரிச்சல் வரும். அதற்கும் அசையவில்லை என்றால் நர்ஸிங் சூப்பரின்டென்டென்ட், ஆர்எம்ஓ (நிலைய மருத்துவ அலுவலர்) என்று மேலே போங்கள். யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதை நர்ஸ் குறிப்பில் எழுதுங்கள்.

பாலியல் குற்றச் சந்தேகம் என்றால் மேலதிகாரியிடம் சொன்னதோடு உங்கள் கடமை முடியாது. சட்டம் உங்களைத் தனியாகவும் கேட்கும். 1098-க்கு நீங்களே அழைக்கலாம். 1996-ல் மும்பையில் சைல்டுலைன் என்று தொடங்கிய அந்த எண், 2023 முதல் அரசே நடத்தும் குழந்தைகள் உதவி எண்ணாகி, அவசர உதவி எண்ணான 112-உடன் இணைந்திருக்கிறது.

குறிப்பில் என்ன எழுத வேண்டும்?

பார்த்தது, கேட்டது, நேரம். அம்மா சொன்னதை அம்மாவின் வார்த்தையிலேயே எழுதுங்கள். குழந்தை "மாமா கெட்டவர்" என்று சொன்னால் அதையே எழுதுங்கள். அதை 'பாலியல் சீண்டல் நடந்ததாகக் குழந்தை தெரிவித்தது' என்று மொழிபெயர்க்காதீர்கள். தடம் எங்கே, எத்தனை சென்டிமீட்டர், என்ன உருவம். உடம்புப் படம் போட்ட தாள் இருந்தால் அதில் குறியுங்கள். செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிற வேலை கூடவே கூடாது. போக்சோவில் குழந்தையின் அடையாளம் வெளியே போவதே குற்றம்.

குறிப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு லண்டனில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி 2000 பிப்ரவரியில் இறந்தாள். உடம்பில் 128 காயங்கள். அதற்கு முந்தைய ஜூலையில் அவள் இரண்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டிருந்தாள். ஒன்றில் சொறி சிரங்கு என்றார்கள். இன்னொன்றில் கொதிநீர்க் காயத்துக்காகப் பல நாள் இருந்தாள். அங்கே நர்ஸ்கள் அவள் உடம்பில் தழும்புகளைக் கண்டிருந்தார்கள். கண்டது முழுதாகக் குறிப்பில் ஏறவில்லை. லார்டு லேமிங் தலைமையிலான விசாரணைக் குழு 2003-ல் 108 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. அத்தனையையும் படிக்க நேரமில்லை என்றால், நர்ஸ்கள் கண்டதும் எழுதியதும் ஒட்டாமல் போன பகுதியை மட்டுமாவது படியுங்கள்.

குழந்தையிடம் நான் விசாரிக்கலாமா?

"எப்படி அடிபட்டது?" என்று கேட்கலாம். "அப்பா அடித்தாரா?" என்று கேட்கக் கூடாது. பதிலை நாமே வாயில் திணித்த மாதிரி ஆகிவிடும். திரும்பத் திரும்பக் கேட்கவும் வேண்டாம், வாக்குமூலம் வாங்க ஆட்கள் இருக்கிறார்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், நாம் சொல்லத்தான் போகிறோம்.

பாலியல் வன்கொடுமை என்று வந்தால் உடனே என்ன?

சிகிச்சைதான் முதலில். எஃப்ஐஆர் கொண்டுவா, போலீஸ் கடிதம் கொண்டுவா என்று கேட்கவே கூடாது. 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகள் அதைத் தெளிவாகத் தடுக்கின்றன. அரசு, தனியார் எதுவானாலும் இலவசச் சிகிச்சை தந்து உடனே போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ், 397-ஆவது பிரிவு.

குளிப்பாட்ட வேண்டாம். துணிகளைப் பிளாஸ்டிக் பையில் போட வேண்டாம், காகிதப் பை. தடயம் 96 மணி நேரம் வரை எடுக்கலாம். எச்ஐவி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அதனால் கடிகாரத்தைப் பாருங்கள். சிறுமியைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும், குழந்தை நம்பும் ஒருவர் கூட இருக்க வேண்டும். பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரிலும் அழுத்திச் சொல்லியிருக்கிறது. காயம் ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகாது. பெரும்பாலான குழந்தைகளுக்குப் பரிசோதனையில் எதுவும் தெரியாது.

பதினேழு வயதுப் பெண் வயிற்றுவலி என்று வந்து, கர்ப்பம் என்று தெரிந்தால்?

நாம் அதிகம் பார்ப்பது இதைத்தான், அதிகம் தடுமாறுவதும் இதில்தான். காதலித்தோம், கல்யாணம் ஆகிவிட்டது, எதுவானாலும் பதினெட்டுக்குக் கீழே என்றால் போக்சோ. தகவல் சொல்லியாக வேண்டும். அந்தப் பெண் அழுவாள், "அவரை ஜெயிலில் போட்டுவிடாதீங்க அக்கா" என்பாள். வளரிளம் பருவக் காதலைத் தண்டிக்க இந்தச் சட்டம் வரவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது. ஆனால் அதை வைத்து முடிவு செய்வது கோர்ட், கேஷுவாலிட்டி கவுன்டர் இல்லை. கருக்கலைப்பு கேட்டு வருகிற சிறுமிக்கு ஒரு சலுகை உண்டு. அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் போலீஸுக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை அவளிடம் சொல்லுங்கள். தெரியாததால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு, ரத்தப்போக்கோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஒரு விஷயத்தில் சட்டம் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கிறது என்பது என் சொந்தக் கருத்து. அதற்காக நான் சொல்லாமல் விட்டதில்லை. அதே பதினேழு வயதில், 'காதல்' என்ற பெயரில் நாற்பது வயதுக்காரர் கூட்டி வந்த பெண்ணையும் பார்த்திருக்கிறேனே.

கோர்ட்டுக்கு அலைய வேண்டி வருமா?

வரலாம். சம்மன் வந்தால் போக வேண்டும். கேள்வி பெரும்பாலும் நீங்கள் எழுதிய குறிப்பைச் சுற்றித்தான் இருக்கும். வருடங்கள் கழித்து வரும், முகம்கூட நினைவிருக்காது, குறிப்பு மட்டும்தான் துணை.

வீட்டார் வாசலில் கூட்டம் கூட்டி அடிக்க வந்தால்?

தகவல் சொன்னது யார் என்று அவர்களிடம் நீங்கள் அறிவிக்க வேண்டியதில்லை. "இந்த மாதிரி காயத்துக்கு இதுதான் ஆஸ்பத்திரி நடைமுறை" என்ற ஒரு வாக்கியம் போதும், அதையே எல்லோரும் சொல்லுங்கள். செக்யூரிட்டியை முன்கூட்டியே கூப்பிட்டு வையுங்கள். மருத்துவப் பணியாளரைத் தாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது, அதில் நர்ஸும் அடக்கம்.

சொன்னால் குழந்தையைப் பிரித்துக் கொண்டுபோய் ஹோமில் போட்டுவிடுவார்களாமே?

எப்போதும் இல்லை. போக்சோ வழக்கில் போலீஸ் 24 மணி நேரத்துக்குள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வீட்டில் ஆபத்து இருக்கிறதா, பாட்டி வீடோ சித்தி வீடோ பாதுகாப்பாக இருக்குமா என்று குழு பார்க்கும். வேறு வழியில்லை என்றால்தான் இல்லம். ஹோம்களின் நிலைமை பற்றி எனக்கும் நல்ல அபிப்பிராயம் எப்போதும் இருந்ததில்லை. ஆனால் முறிந்த தொடையோடு வந்த குழந்தையை அதே தொட்டிலுக்கு அனுப்பியவள் நான், அதனால் இந்தக் காரணத்தை நான் சொல்ல முடியாது.

ராத்திரியில் 1098 எடுப்பார்களா?

24 மணி நேரமும் எடுக்க வேண்டிய எண் அது. கட்டணம் இல்லை. லைன் கிடைக்கவில்லை என்றால் 112. பேசி முடித்ததும் மணியையும், எடுத்தவர் பெயரையும் குறிப்பில் எழுதிவிட்டு அடுத்த பேஷன்டைப் பாருங்கள்.